ரத்மிலாவின் முப்பது தவளைகள்

புதன்கிழமை காலை பதினோரு மணிக்குள் ரத்மிலா அந்த முட்டைத் தட்டை ஒன்பது தடவை பார்த்தாகிவிட்டது. உள்ளேயிருந்து தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருவாள். வெயிலில் பிடிப்பாள். கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு ஒவ்வொரு குழியாகப் பார்ப்பாள். திரும்ப உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு நாலு அடி நடப்பாள், மறுபடி வந்து எடுப்பாள். ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் ஓப்பல் கல் தோண்டுகிற எங்கள் ஊர் கூபர் பெடியில் வீடெல்லாம் குன்றைக் குடைந்த பொந்துதான், உள்ளே பகலும் கிடையாது இரவும் கிடையாது. கல்லைப் பார்க்க வேண்டுமென்றால் வாசலுக்கு வந்தே ஆகவேண்டும். வெளியே நாற்பத்து நாலு டிகிரி.

"ஏம்மா, அது நெசமான முட்டை இல்ல. எத்தனை தடவை எடுத்துப் பாத்தாலும் குஞ்சு வராது," என்றான் போரா. ரத்மிலாவின் புருஷன். நகராட்சிக்கு மண்ரோடு செப்பனிடும் வண்டி ஓட்டுகிறவன். வெயில் தாங்காமல் வேலையைப் பத்து மணிக்கே முடித்துவிட்டு வந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தான்.

"வாயை மூடிட்டு காபியக் குடி."

"காபி குடிச்சு முடிச்சு அரை மணியாச்சு. நீதான் கண்ணால பாக்கலை. நான் செத்துக் கிடந்தாலும் பாத்திருக்க மாட்ட."

அவன் சொன்னது வாஸ்தவம்தான். மூன்று நாளாக அவள் கண்ணுக்கு அந்தத் தட்டைத் தவிர எதுவும் தெரியவில்லை.

முப்பது முட்டை வைக்கிற அட்டைத் தட்டு. முப்பது குழியிலும் முப்பது ஓப்பல் சில்லு. ஒவ்வொன்றின் பக்கத்திலும் பேனாவால் எண், நூற்று எழுபத்தொன்றிலிருந்து இருநூறு வரை. சில்லுகளுக்கு மதிப்பு ஒன்றுமில்லை, நல்ல கல்லை வெட்டி எடுத்தபிறகு மிஞ்சிய ஓரம்தான். நல்ல கல்லெல்லாம் எண்ணூற்றைம்பது கிலோமீட்டருக்கு அந்தப்பக்கம், அடிலெய்டில், தங்கக் காசுகளுக்குள் உட்கார்ந்திருந்தது.

அடிலெய்டில் ஒரு நாணயக் கம்பெனி. கடைக்குப் போய்ச் சாமான் வாங்குகிற காசு இல்லை, வாங்கிப் பெட்டியில் பூட்டிவைத்து வருஷத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்துக்கொள்கிறவர்களுக்கான காசு அடிப்பார்கள். இந்த வருஷத்துக் காசில் பாலைவனத் தவளை. மழை வரும்வரை வயிற்றில் தண்ணீரைக் கட்டிக்கொண்டு மண்ணுக்குள் கிடக்குமே, அது. ஒரு அவுன்ஸ் தங்கம், அதன் நடுவே தவளையின் முதுகாகச் சுண்டுவிரல் நகமளவு ஓப்பல். நிறம் தூக்கலாகத் தெரியப் பின்னால் கறுப்புச் சில்லு ஒட்டி ஏமாற்றுவதெல்லாம் கிடையாது, முழுக்க மண்ணில் விளைந்த கல். மொத்தம் இருநூறு காசு, தட்டில் இருக்கிற எண்தான் காசின் எண். ஒவ்வொன்றோடும் ஒரு அட்டை. அதில் ரத்மிலாவின் படம், அதன் கீழே "இயற்கை ஓப்பல். வெட்டியவர் ரத்மிலா பெட்கோவிச், கூபர் பெடி" என்று எழுத்து. இருநூறுக்கும் வாங்குகிறவர்கள் பெயர் கொடுத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் காசுகள் கைமாறுகின்றன.

ஞாயிற்றுக்கிழமை நூற்று எழுபத்து நாலாம் சில்லில் வலை விழுந்திருந்தது. செவ்வாய்க்கிழமை நூற்று எண்பத்தொன்றில்.

வலை என்றால் என்னவென்று எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். ஓப்பலுக்குள் தண்ணீர் இருக்கிறது. மண்ணுக்கடியில் எத்தனையோ காலம் இருந்துவிட்டு வெளியே வந்த கல், தன் பாட்டுக்கு நிழலில் மெல்லக் காயவேண்டும். ஈரமான மண்ணிலிருந்து வந்த கல்லை அவசரப்பட்டு வெட்டினால் ஆறு மாதமோ ஒரு வருஷமோ கழித்து உள்ளுக்குள்ளேயே மயிரிழை மயிரிழையாக வெடித்து, சிலந்தி கூடு கட்டினதுபோல ஆகிவிடும். அதற்கு வைத்தியமே கிடையாது. சில்லில் விழுந்தால் அதே துண்டிலிருந்து காசுக்குப் போன கல்லிலும் விழும்.

ரத்மிலாவுக்கு இது பதினாறு வயதில் புத்தியில் ஏறியது. ஒன்பது வயதில் அப்பா மிலோயேவின் கையைப் பிடித்துக்கொண்டு செர்பியாவில் ட்ரினா ஆற்றங்கரையிலிருந்து வந்தவள் அவள். அம்மாவும் வந்தாள்தான். வந்து, வீடு என்று காட்டிய பொந்தை எட்டிப் பார்த்துவிட்டு, "மண்ணுக்குள்ள போக எனக்கு இன்னும் நாள் இருக்கு" என்று சொல்லி அடிலெய்டு பஸ் ஏறிவிட்டாள். அப்பா இருபத்தொரு வருஷம் தோண்டினார். வெடிமருந்துக்கும் டீசலுக்கும் கட்டுபடியாகிற அளவுக்குக் கிடைத்தது. ஒரே ஒரு தடவை உள்ளங்கை அகலத்தில் ஒரு கல் வந்தது. திங்கட்கிழமை வந்த கல்லை மகள் வெள்ளிக்கிழமையே வெட்டுகிற சக்கரத்தில் வைத்துவிட்டாள். கிறிஸ்துமஸுக்குள் வலை. அப்பா அடிக்கவுமில்லை, திட்டவுமில்லை. பதினோரு நாள் அவளோடு பேசவில்லை, அவ்வளவுதான். அடித்திருந்தால் தேவலை என்று இன்றைக்கும் சொல்வாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு ஒரே சட்டம். கல் அலமாரியில் இரண்டு வருஷம் இருக்கவேண்டும். இதில் வேடிக்கை என்னவென்றால், உட்காரவே தெரியாத பொம்பளை அவள். உருளைக்கிழங்கு உரிப்பதும் நின்றுகொண்டு, சாப்பிடுவதும் நின்றுகொண்டு. எங்கள் செர்பியக் கோயிலில் வழிபாடு முழுக்க நின்றபடிதான் என்பதால் அங்கே மட்டும் அவளை யாரும் "உக்காரேன்டி" என்று சொல்வதில்லை. அப்படிப்பட்டவள் கல் காயும்வரை இரண்டு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பாள். முப்பத்தெட்டு வருஷத்தில் அவள் வெட்டிய கல் ஒன்றுகூட வெடித்ததில்லை. சொத்து என்று அவளுக்கு வேறெதுவும் இல்லை. பழைய வண்டி ஒன்று, பொந்து ஒன்று, "ரத்மிலா கொடுத்தா கல்லு நிக்கும்" என்ற பேர் ஒன்று.

அப்புறம் எப்படி இந்த வினை வந்தது? பானோஸால் வந்தது. பானோஸால் மட்டும் என்று சொன்னால் அது அநியாயம். எங்கள் ஊர் வழக்கத்தால் வந்தது.

பானோஸ் கிரேக்கன். அறுபது வயது, தனிக்கட்டை. பொண்டாட்டி கோபித்துக்கொண்டு கிரீஸுக்கே போய்ச் சேர்ந்து பத்து வருஷமாகிறது. தன் பேரில் ஒன்று, மச்சினன் பேரில் ஒன்று, அடிலெய்டில் டாக்ஸி ஓட்டுகிற தம்பி பேரில் ஒன்று என்று மூன்று இடத்தில் தோண்டும் உரிமைக்காக நாலு மூலைக்கும் முளை அடித்து வைத்திருப்பான். மூன்றில் எதில் கல் வருகிறது என்று அவனுக்கும் ஆண்டவனுக்கும்தான் தெரியும். ரத்மிலாவுக்கு அவன் அண்ணன் மாதிரி. அப்பா செத்தபோது பெட்டிக்குத் தோள் கொடுத்தவன்.

தவளைக்கு ஒரே சாயலில் பச்சை அடிக்கிற கல் வேண்டுமென்று கம்பெனி கேட்டிருந்தது. ரத்மிலாவின் அலமாரியில் அலசிப் பார்த்ததில் நூற்று எழுபதுக்குத்தான் தேறியது. முப்பது குறைவு. கையைப் பிசைந்துகொண்டிருந்த சமயத்தில், நவம்பரில், பானோஸ் ஒரு ஊறுகாய் ஜாடியோடு வந்தான். ரத்மிலா ஒரு துண்டை எடுத்து நாக்கில் வைத்து நனைத்து வெயிலில் காட்டினாள். மழைக்கு மறுநாள் முளைத்த புல் மாதிரி பச்சை. ஜாடியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"காஞ்சதா?" என்று கேட்டாள்.

"காஞ்சது," என்றான்.

அவ்வளவுதான் கேட்கலாம். எங்கே எடுத்தாய் என்று கேட்கக் கூடாது. ஒரு மனுஷனிடம் அவன் பொண்டாட்டியைப் பற்றிக் கேட்டாலும் கேட்கலாம், அவன் கல்லை எங்கே எடுத்தான் என்று கேட்கவே கூடாது. எப்போது எடுத்தாய் என்றும் கேட்கக் கூடாது. எந்த மாதம் எவன் எந்தப் பக்கம் புழுதி கிளப்பிக்கொண்டு போனான் என்று ஊருக்கே தெரியும். மாதத்தைச் சொன்னால் இடத்தைச் சொன்ன மாதிரிதான். அப்புறம் ராத்திரியோடு ராத்திரியாக சுற்றிலும் முளை அடித்து, அவன் குழிக்குப் பக்கத்திலேயே இன்னொருத்தன் துளை போடுவான். அதனால் கேட்கமாட்டோம். கேட்காமலிருப்பதுதான் இங்கே மரியாதை. ரத்மிலாவும் கேட்கவில்லை.

இப்போது பத்தாவது தடவையாகத் தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். நூற்று எண்பத்தெட்டாம் குழியைப் பார்த்தாள். லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

"போரா," என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. "போரா! மூணாவது."

போரா எழுந்து வந்தான். இப்போது அவன் கிண்டல் செய்யவில்லை. "சக்கரத்துல சூடு ஏறி வெடிச்சிருக்கலாம்ல? ஓரத்துச் சில்லுதானே."

"முப்பத்தெட்டு வருஷமா ஏறாத சூடு இப்ப ஏறுதா?"

"சரி, மூணே மூணுதானே. அந்த மூணு காசை மட்டும் நிறுத்தச் சொல்லு."

"மீதி இருபத்தேழு?" அவள் தட்டை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். "எங்க எடுத்தான்னு தெரிஞ்சா ஒரு நிமிஷத்துல சொல்லிடுவேன். நல்ல மண்ணா இருந்தா இது மூணும் என் கைத்தப்பு. ஈர மண்ணா இருந்தா முப்பதும் போச்சு. எங்கேன்னு தெரியாம நான் அந்தம்மாகிட்ட என்னன்னு சொல்லுவேன்? நாளன்னிக்கு அது ஜனங்க கைக்குப் போயிடும் போரா. என் மூஞ்சியோட போயிடும்."

"கேக்கப் போறியா? அவனையா?" போரா தலையில் கை வைத்துக்கொண்டான். "அடியே, அதுக்கு நேரே போய் அவன் ஜேப்பில கை விடு. பரவாயில்லைன்னு விட்டுடுவான்."

அவள் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். தலையில் தொப்பிகூட இல்லை.

புதன்கிழமைகளில் பானோஸ் டீசலுக்கும் ரொட்டிக்கும் ஊருக்குள் வருவான். பங்க்குக்கு அவள் போய்ச் சேரவும் அவனுடைய வெள்ளை வண்டி வடக்கே திரும்பவும் சரியாக இருந்தது. ஹாரன் அடித்தாள். கேட்கவில்லை. பின்னாலேயே போனாள். தார் ரோடு முடிந்து மண்ரோடு வந்தது. இருபக்கமும் தோண்டிக் கொட்டிய வெள்ளை மண்மேடுகள். முன்னால் போகிற வண்டியின் புழுதி அவள் கண்ணாடியெல்லாம் அப்பியது. ஒருத்தன் புழுதியைப் பின்தொடர்ந்து போவது எங்கள் ஊரில் திருட்டுக்குச் சமானம். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். போகிற வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு போனாள். ஆனால் கால் பெடலை விட்டு எழவில்லை.

பதினைந்து கிலோமீட்டர் போனதும் புழுதி நின்றது. வெள்ளை வண்டி ரோட்டுக்குக் குறுக்கே நின்றிருந்தது. பானோஸ் கையில் ஒரு பெரிய ஸ்பேனரோடு இறங்கி நின்றான். புழுதி அடங்கியதும் வண்டியிலிருப்பது யார் என்று பார்த்தான். ஸ்பேனர் பிடித்த கை தொங்கிவிட்டது.

"நீயா?" என்றான். "வேற எவனா இருந்திருந்தாலும் கண்ணாடிய ஒடைச்சிருப்பேன். நீயா ரதா?"

"ஹாரன் அடிச்சேன். உனக்குக் காது செவிடாப் போச்சு."

"பின்னாலயே வந்தியே!"

"வந்தேன். வேற வழியில்ல." வெயிலில் அவளுக்குத் தலை சுற்றியது. இதற்குமேல் சுற்றி வளைக்க அவளுக்குப் பொறுமையில்லை. "பானோஸ், அந்தப் பச்சைக் கல்லு எங்க எடுத்த?"

பானோஸ் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். கோபப்பட்டிருந்தால் அவள் திருப்பிச் சண்டை போட்டிருப்பாள். அவன் முகம் தொய்ந்துபோனதை அவளால் பார்க்க முடியவில்லை.

"முப்பத்திரண்டு வருஷம்," என்றான். "என் பொண்டாட்டிகூட அதைக் கேட்டதில்ல."

"உன் பொண்டாட்டி உன்னையே வேணாம்னுட்டா, உன் குழியைக் கேட்டு என்ன பண்ணப்போறா? வலை விழுது பானோஸ். மூணு கல்லுல விழுந்துடுச்சு. வெள்ளிக்கிழமை வித்துடுவாங்க. என் பேர் போட்டு வித்துடுவாங்க."

"என் கல்லுலயா வலை? என் கல்லு வெடிச்சதே கிடையாது. காஞ்சதுன்னு சொன்னேன்ல?"

"எப்படிக் காஞ்சது?"

"எப்படின்னா?" அவனுக்கு இப்போது கொஞ்சம் ரோஷம் வந்தது. "வண்டிக்குள்ள கண்ணாடிகிட்ட போட்டு வெச்சேன். மூணு மாசம். நல்ல வெயில். ரொட்டிகூட அப்படிக் காயாது."

"வெயில்லயா!" ரத்மிலா இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டாள். "அட பாவி மனுஷா! கல்லைக் கொண்டுபோய் வெயில்ல போடுவியா? அது கருவாடா?"

"பழைய குழியில எடுத்ததையெல்லாம் அப்படித்தான் வெச்சேன். ஒண்ணும் ஆகல."

"அப்ப இது பழைய குழி இல்ல."

பானோஸ் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தான். கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு பயல் இல்லை. குந்தி உட்கார்ந்து ஸ்பேனர் நுனியால் புழுதியில் ஒரு கோடு இழுத்தான், குறுக்கே இன்னொன்று, ஒரு மூலையில் ஒரு புள்ளி. "பதினெட்டு மீட்டர்ல," என்றான் தரையைப் பார்த்தபடி. "களிமண்ணு பூட்ஸுல ஒட்டிச்சு. ஆகஸ்டுல."

அவள் பார்த்து முடித்ததும் பூட்ஸ் காலால் அழித்துவிட்டான்.

அது நொண்டி ஒட்டகப் பள்ளம். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. அப்பா காலத்தில் ஒரு ஹங்கேரிக்காரன் அங்கே பை நிறையப் பச்சைக் கல் எடுத்து, நாலு நாள் ஊருக்கே பீர் வாங்கிக் கொடுத்தான். அடுத்த கோடைக்குள் பாதிக்குமேல் வலை விழுந்தது. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் யாரும் முளை அடித்ததில்லை. பானோஸ் அடித்திருக்கிறான். பச்சைக்கு ஆசைப்பட்டு அடித்திருக்கிறான்.

"முப்பதுமா?" என்று கேட்டான் பானோஸ்.

"எது வெடிக்கும் எது வெடிக்காதுன்னு அந்தக் கல்லுக்குத்தான் தெரியும். நான் முப்பதையும் நிறுத்தணும்."

இரண்டு வண்டியும் ஒன்றன்பின் ஒன்றாக ஊருக்குத் திரும்பின. பானோஸ் ஏன் வந்தான் என்று அவள் கேட்கவில்லை. வீட்டுக்குள் வந்து மூலையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டான். போரா அவனுக்குக் காபி வைத்தான், முந்தாநாள் சுட்ட இறைச்சி அடையையும் வைத்தான். இரண்டும் ஆறிப்போயின.

கம்பெனியில் இந்தக் காசைக் கவனிக்கிறவள் மொய்ரா. நல்ல பெண், தன்மையாகப் பேசுவாள். ரத்மிலா ஃபோனைச் சத்தமாகப் பேசும்படி மேஜையில் வைத்துவிட்டு நின்றாள். உட்கார்ந்து பேசவராது அவளுக்கு.

"மொய்ரா, நூத்தி எழுபத்தொண்ணுல இருந்து இருநூறு வரைக்கும் வெளிய விடாதீங்க."

"ரத்மிலா, நாளன்னிக்கு விற்பனை. கல்லெல்லாம் இங்க கண்ணாடி மாதிரி இருக்கு. நானே காலையில பாத்தேன்."

"இன்னிக்கு இருக்கும். அடுத்த வருஷம் இருக்காது. இங்க மூணு சில்லுல வலை விழுந்துடுச்சு."

"ஓரத்துச் சில்லு தானே? அது சக்கரத்துச் சூட்டுலகூட வெடிக்கும்னு நீங்களே சொல்லியிருக்கீங்க."

"இது அது இல்ல. மண்ணு."

"அப்படின்னா சுரங்கத்தோட பேரும் இடமும் சொல்லுங்க," என்றாள் மொய்ரா. காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது. "எனக்கு ஒரு காரணம் எழுத்துல வேணும். முப்பது பேர் பதிவு பண்ணிட்டுக் காத்திருக்காங்க. நம்ம நிலவியல்காரர் பாத்து, ஆமா இந்த இடத்துக் கல்லு நிக்காதுன்னு கையெழுத்துப் போட்டா, நான் அவங்களுக்கு அதை அனுப்பிடுவேன். உங்க மேல ஒரு குத்தமும் வராது. இடத்தைச் சொல்லுங்க, போதும்."

இடத்தைச் சொன்னால் போதும். அவள் பேர் பிழைத்துவிடும். முப்பது பேருக்கு அனுப்புகிற கடிதத்தில் நொண்டி ஒட்டகப் பள்ளம், இந்த மூலை, பதினெட்டு மீட்டர் என்று இருக்கும். காசு சேர்க்கிறவர்களில் பாதிப் பேர் கல் வியாபாரிகள். கல் நிற்காது என்று எழுதியிருந்தால் என்ன, இப்படி ஒரு பச்சை அங்கே கிடக்கிறது என்றுதான் படிப்பார்கள். பக்கத்திலேயே நல்ல மண்ணும் இருக்கும் என்று ஒரு நப்பாசை. அடுத்த வாரம் பானோஸின் குழியைச் சுற்றி நிற்க இடமிருக்காது. அந்தக் குழியில்தான் அவன் கையிலிருந்த பணத்தையெல்லாம் போட்டிருந்தான்.

பானோஸ் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். "நானே சொல்றேன்," என்று ஃபோனை நோக்கி வந்தான்.

ரத்மிலா அவன் மார்பில் கை வைத்துத் தள்ளினாள். தள்ளின வேகத்தில் அவன் மறுபடி நாற்காலியில் விழுந்தான்.

"மண்ணுன்னு வாய் தவறிச் சொல்லிட்டேன் மொய்ரா. மண்ணுல குத்தமில்ல," என்றாள். "கல்லு காயல. காயறதுக்கு முன்னாடி வெட்டிட்டேன். உங்க தேதிக்குத் தரணும்னு அவசரப்பட்டுட்டேன். தப்பு என்னோடது."

"நீங்களா?" மொய்ராவின் குரல் மாறிவிட்டது. "நீங்க அவசரப்பட்டீங்களா?"

"ஆமா."

"இதை எழுதிக் கொடுப்பீங்களா?"

"கொடுக்கிறேன்."

அது பொய்யுமில்லை, முழு உண்மையுமில்லை. இரண்டு வருஷச் சட்டத்தை மீறியது அவள்தானே. போரா ஒற்றை விரலால் தட்டித் தட்டி அந்தக் கடிதத்தை அனுப்பினான். அனுப்பி முடிக்கும்வரை ரத்மிலா அடுப்புக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டேயிருந்தாள். பானோஸ் எப்போது எழுந்து போனான் என்று இருவரும் கவனிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை நூற்று எழுபது காசுதான் விற்றது. அட்டை இல்லாமல் விற்றது. அவசரப்பட்டுக் கல்லைக் கெடுத்தவள் படத்தைப் போட்டு யார் காசு விற்பார்கள்? முப்பது கல்லையும் தங்கத்திலிருந்து பெயர்த்தெடுத்தார்களாம். பெயர்க்கும்போது எல்லாமே உடைந்துவிட்டன. அடுத்த வருஷம் பல்லிக் காசு. அதற்குக் கல் வெட்டுகிற வேலை வேறு ஊருக்குப் போயிற்று.

ஊர் சும்மா இருக்குமா? கிளப்பில் ஒருத்தன் அவள் முன்னால் ஒரு கைத்துண்டை வைத்து, "உன் கல்லு வேர்க்குதாமே, தொடைச்சு விடு" என்றான். சிரித்தார்கள். அவளும் பல்லைக் காட்டிவிட்டு வந்து, வீட்டில் பாத்திரத்தையெல்லாம் போட்டு உடைத்தாள். முன்பு வாரத்துக்கு நாலு பேர் ஜாடியோடு வருவார்கள். இப்போது மாதத்துக்கு ஒருத்தன் வந்தால் அதிகம். வருகிறவனும் "காயவெச்சுதானே வெட்டுவ?" என்று அவளிடமே கேட்டான். அவளிடமே!

இத்தனைக்கும் தட்டைத் தூக்கிப் போட மனம் வரவில்லை அவளுக்கு. தினமும் வாசலுக்குக் கொண்டுவந்து பார்த்தாள். அடுத்த கோடைக்குள் பதினொன்றில் வலை விழுந்தது. பத்தொன்பது சில்லு கிண்ணென்று நின்றது. அந்தப் பத்தொன்பதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரியும். பத்தொன்பது நல்ல கல்லை உடைக்கவைத்தோமே என்று எரியும். பதினொன்றைப் பார்த்தால் நல்லவேளை என்று மூச்சு வரும். இப்படிப் பகல் முழுக்க எரிச்சலும் நிம்மதியுமாக மாறி மாறி அவள் கிடப்பதைப் பொறுக்காமல் போரா ஒருநாள் தட்டை ஒளித்துவைத்தான். அன்றைக்கு நடந்த சண்டை மூன்று பொந்து தள்ளி இருந்தவர்களுக்கும் கேட்டது.

பானோஸ் அந்த வருஷம் முழுக்க அவள் வீட்டுப் பக்கமே வரவில்லை. ரோட்டில் பார்த்தால் வண்டியோட்டியபடியே வணக்கத்துக்கு ஒரு விரலைத் தூக்கிவிட்டுப் போவான். கோழை, என்றான் போரா. ரத்மிலாவுக்கு அது மற்ற எல்லாவற்றையும்விட வலித்தது.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிளப்பில் மதியச் சாப்பாடு. ஆட்டுக்கறி வாட்டிக்கொண்டிருந்தார்கள். ஐம்பது அறுபது பேர் இருப்பார்கள், செர்பியர், கிரேக்கர், இத்தாலியர், எல்லாரும் தோண்டுகிறவர்கள். ரத்மிலா வழக்கம்போலத் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பானோஸ் உள்ளே வந்தான். சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தான். நேரே அவளிடம் வந்து, பக்கத்து மேஜையில் ஒரு ஜாடியை வைத்தான். ஜாடி நிறையப் பச்சை.

"எங்க எடுத்தேன்னு கேளு," என்றான்.

"குடிச்சிருக்கியா?"

"கேக்கமாட்டியா? சரி, நானே சொல்றேன்." அவன் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்து நின்றான். செவிட்டுப் பயலுக்கு மெல்லப் பேசத் தெரியாது. "நொண்டி ஒட்டகப் பள்ளம். தெக்கு மூலை, தம்பி பேர்ல இருக்கிற இடம். பதினெட்டு மீட்டர், ஈர மண்ணு. போன வருஷம் தவளைக் காசுக்குக் கொடுத்த முப்பது கல்லும் நான் அங்க எடுத்துக் கொடுத்ததுதான். காஞ்சதுன்னு சொன்னவன் நான். இவ அவசரப்படல. இடத்தைக் கேட்டாங்க, இவ சொல்லல, தப்பைத் தன் தலையில போட்டுக்கிட்டா. எல்லாரும் கேட்டுக்கோங்க. துண்டு கொடுத்துச் சிரிச்ச நாயும் கேட்டுக்கோ."

கறி வாட்டிக்கொண்டிருந்தவன்கூடத் திரும்பி நின்றான். முப்பது வருஷத்தில் எவனும் எங்கள் ஊரில் தன் குழியை வாயால் சொன்னதில்லை. பெற்ற பிள்ளையிடம்கூடச் சொன்னதில்லை.

ரத்மிலாவின் தட்டு கீழே விழுந்தது. அவள் பானோஸின் இஸ்திரிச் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள்.

"முட்டாளே! மடையா! இதை நீ சொல்லக் கூடாதுன்னுதானேடா என் பேரை வித்தேன்! ஒரு வருஷம் இவனுங்க மூஞ்சியில முழிச்சேனே, எதுக்குடா முழிச்சேன்?" அவள் அவனைப் பிடித்து உலுக்கினாள். கண்ணீர் வழிந்து மோவாயில் சொட்டியது. அதைத் துடைக்கவுமில்லை. "இனிமே உனக்கு என்னடா இருக்கு?"

பானோஸ் உலுக்கின உலுக்கலில் ஆடிக்கொண்டே நின்றான்.

"உன் பேர் கெட்டுப்போச்சுன்னா என் கல்லை யாருகிட்டக் கொண்டுபோய் வெட்டுறது?" என்றான். "ஒரு வருஷமா யோசிச்சுப் பாத்துட்டேன் ரதா. வேற ஆள் இல்ல."

போரா ஓடிவந்து அவள் தோளைப் பிடித்தான். அவள் உதறினாள். சட்டையை விட்டுவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஜாடியை எடுத்தாள். ஒரு கல்லை நாக்கில் வைத்து நனைத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தாள்.

"ரெண்டு வருஷம் காயணும்," என்றாள். "நிழல்ல. அதுக்கு ஒரு நாள் முன்னாடி தொடமாட்டேன்."

"அதுக்குள்ள நான் செத்துட்டா?"

"செத்தா உன் தம்பி வந்து வாங்கிப்பான். போ, ஓடு, போய் உன் குழியைப் பாரு."

பானோஸ் திரும்பிப் பார்த்தான். கூடத்தில் பாதி நாற்காலி காலியாகியிருந்தது. தட்டுகளில் கறி அப்படியே இருந்தது. வெளியே வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக உறுமிக்கொண்டு வடக்கே, பள்ளத்துப் பக்கம் திரும்புவது கேட்டது. ஐந்தாறு பேர் மட்டும் இருந்த இடத்தைவிட்டு எழாமல் ரத்மிலாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எண்ணினேன், பதினாலு வண்டி," என்றான் பானோஸ். நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "போகட்டும். எனக்குப் பசிக்குது."

ரத்மிலா அவன் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இரண்டு பேருக்கும் கறி கொண்டுவரச் சொன்னாள்.